லிஃப்டில் நிற்கும் படகுக்குள் தண்ணீர்: இறக்குவதா, இறைப்பதா?

பாறைக்குழிக்காரன் | ஞாயிறு, காலை 6.50

வணக்கம். அவசரம் என்பதால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

காங்கேயத்துக்கும் ஊதியூருக்கும் நடுவில் எங்கள் தோட்டம். அதை ஒட்டிப் பழைய பாறைக்குழி ஒன்று இருக்கிறது. கல் எடுப்பதை நிறுத்திப் பல வருடமாகிறது. இப்போது நாற்பது அடிக்குத் தண்ணீர் நிற்கிறது. மிதவைக் கூண்டு போட்டு மீன் வளர்க்கிறோம். தீனி போடவும் மிதவை மோட்டாரைக் கவனிக்கவும் 14 அடி ஃபைபர் படகு வைத்திருக்கிறோம். பாறைக்குழிக்குச் சரிவான கரை கிடையாது, நான்கு பக்கமும் செங்குத்துச் சுவர். ஆள் இறங்கப் படி வெட்டியிருக்கிறோம், படகை இழுத்துப் போடத்தான் இடமில்லை. அதனால் பாறை விளிம்பில் இரண்டு தூண், தண்ணீருக்குள் தெரியும் திட்டில் இரண்டு தூண் என்று நிறுத்தி, கம்பிக்கயிறும் அதைச் சுற்றி இழுக்கும் மின்சார வின்ச்சும் போட்டு லிஃப்ட் அமைத்தோம். வேலை முடிந்ததும் படகைத் தண்ணீருக்கு மேலே பத்தடி தூக்கி நிறுத்திவிடுவோம்.

நேற்று இரவு நல்ல மழை. காலையில் போய்ப் பார்த்தால் படகு நிறையத் தண்ணீர். பின்பக்கம் ஒரு சாண் தாழ்ந்திருக்கிறது. பெட்ரோல் டாங்கி உள்ளே மிதக்கிறது, பேட்டரி முழுகிவிட்டது. பின்பக்கத் தூண் ஒன்றில் காற்றடிக்கும்போதெல்லாம் முனகல் கேட்கிறது. வடிகால் துளையின் அடைப்பானைக் கழற்றித்தான் வைத்திருந்தேன். இதோ என் சட்டைப்பையில் இருக்கிறது. பிறகு எப்படி நிரம்பியது? சுவிட்சைத் தட்டி இறக்கிவிடட்டுமா?

ஈரோட்டான் | ஞாயிறு, காலை 6.58

இறக்கிவிடுங்கள். படகு தண்ணீரில் உட்கார்ந்துவிட்டால் லிஃப்டுக்குப் பாரம் போய்விடும். பிறகு நிதானமாக வாளியில் மொண்டு ஊற்றலாம்.

பட்டறைவாசி | ஞாயிறு, காலை 7.05

தம்பி, சுவிட்சைத் தொடாதீர்கள். முதலில் மோட்டார் ரூமுக்குப் போய் லிஃப்டின் மெயினை அணையுங்கள். யாரும் படகுக்குள் ஏற வேண்டாம், அடியில் நிற்க வேண்டாம். அந்த முனகல் எந்தத் தூணில் வருகிறதோ அதன் பக்கம் குழந்தைகள் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இதைச் செய்துவிட்டு மூன்று விவரம் சொல்லுங்கள்: பின்பக்கம் எத்தனை செ.மீ. தண்ணீர், முன்பக்கம் எத்தனை, லிஃப்டை எத்தனை கிலோவுக்குக் கட்டினார்கள்?

பாறைக்குழிக்காரன் | ஞாயிறு, காலை 7.21

மெயினை அணைத்துவிட்டேன் அண்ணா. மூங்கில் கழியை விட்டுப் பார்த்தேன்: பின்பக்கம் 38 செ.மீ., முன்பக்கம் 15. லிஃப்ட் ஒரு டன்னுக்குக் கட்டியது. வெறும் படகு 200 கிலோ என்றுதான் வாங்கும்போது சொன்னார்கள். 15 குதிரைத்திறன் இன்ஜினும் பேட்டரியும் சேர்ந்தால் இன்னும் 70 கிலோ வரும். அதனால்தான் ஒரு டன் தாராளம் என்று நினைத்தேன்.

பட்டறைவாசி | ஞாயிறு, காலை 7.40

கணக்குப் பாருங்கள். உங்கள் படகின் உட்பரப்பு ஏறக்குறைய 5 சதுர மீட்டர் இருக்கும். தண்ணீர் சராசரியாக 26 செ.மீ. பெருக்கினால் 1.3 கன மீட்டர், அதாவது 1,300 கிலோ. படகையும் இன்ஜினையும் கூட்டினால் 1,570. ஒரு டன் லிஃப்டில் ஒன்றரை டன்னுக்கு மேல் நிற்கிறது. அதுவும் சமமாக நிற்கவில்லை. தண்ணீர் பின்பக்கம் ஓடிச் சேர்ந்ததால் மூன்றில் இரண்டு பங்கு பின்னால் இருக்கும் இரண்டு கயிற்றின்மேல்.

படகு குளத்தில் மிதக்கும்போது உள்ளே மழை பெய்தால் கொஞ்சம் தாழும், அவ்வளவுதான். பாரத்தைக் குளம் வாங்கிக்கொள்ளும். லிஃப்டில் நிற்கும்போது அது படகில்லை, தண்ணீர்த் தொட்டி. வீட்டு மொட்டைமாடியில் 1,000 லிட்டர் தொட்டி வைக்க எவ்வளவு யோசிக்கிறோம்? இங்கே அதைவிடப் பெரியதை நான்கு கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறோம்.

உங்கள் கயிறு 8 மி.மீ. என்று வைத்துக்கொள்கிறேன். நல்ல கயிறானால் அறுவதற்கு மூன்று டன்னுக்கு மேல் வேண்டும்; ஐந்தில் ஒரு பங்கைத்தான் வேலைக்குக் கொள்வோம். ஆகவே கயிறு தாங்கிவிடும். எனக்குப் பயம் வின்ச்சின் பிரேக்கும், கப்பி தொங்கும் பட்டையின் வெல்டிங்கும்தான். சும்மா நிற்கிற பாரத்தைத் தாங்குகிற பிரேக், இறங்குகிற பாரத்தைப் பிடிக்கும் என்று சொல்ல முடியாது. நீங்கள் சுவிட்சைத் தட்டியதும் படகு ஒரு அடி குலுங்கி இறங்கினால், உள்ளே இருக்கிற தண்ணீரும் அலைந்து ஒரு மூலைக்கு ஓடும். தாம்பாளத்தில் தண்ணீர் எடுத்து நடந்து பாருங்கள், தெரியும்.

ஈரோட்டான் | ஞாயிறு, காலை 7.44

தண்ணீரைத் தொடும்வரைதானே பயம்? தொட்டுவிட்டால் மிதந்துவிடாதா?

ஏரிக்கரை | ஞாயிறு, காலை 7.52

மிதக்காது. அல்லது மிதந்தும் பயனில்லை. மலைமேல் ஒரு படகுத்துறையில் ஆறு வருடம் வேலை பார்த்தேன். பாதி நிரம்பிய படகுக்கு விளிம்பு தண்ணீருக்கு மேல் கொஞ்சம்தான் தெரியும். உள்ளே தண்ணீர் ஒரு பக்கம் சாய்ந்ததும் அந்தப் பக்க விளிம்பும் முழுகும். பிறகு கவிழ்வது கண் மூடித் திறக்கும் நேரம். இவர் அடைப்பானையும் கழற்றிச் சட்டைப்பையில் வைத்திருக்கிறார்! இறக்கினால் துளை வழியாகக் குழித் தண்ணீரும் உள்ளே வரும். நாற்பது அடி ஆழத்தில் போன படகை எடுக்கக் கிரேன் கேட்டு அலைய வேண்டும்.

நின்ற இடத்திலேயே தண்ணீரை வெளியேற்றுங்கள். மேலே இருப்பதே உங்களுக்கு அனுகூலம். ஹோஸ் போட்டால் தானாக இறங்கும்.

பட்டறைவாசி | ஞாயிறு, காலை 7.58

அதேதான். ஒரு அங்குல ஹோஸ் இரண்டு எடுங்கள். தொட்டியில் முழுக்கி உள்ளே காற்றில்லாமல் நிரப்பி, இரண்டு முனையையும் கட்டை விரலால் பொத்திக்கொண்டு, ஒன்றைக் கழியில் கட்டிப் படகின் பின்மூலையில் விடுங்கள். மற்றதைப் படகுக்குக் கீழே தொங்கவிட்டு விரலை எடுங்கள். எவ்வளவு தாழ்வாகத் தொங்குகிறதோ அவ்வளவு வேகமாக ஓடும். வாயால் உறிஞ்ச வேண்டாம், பெட்ரோல் கலந்திருக்கும். பாறையில் நின்றபடியே செய்யுங்கள். பெட்ரோல் மோட்டார் பம்பைப் பக்கத்தில் கொண்டுவர வேண்டாம். ஒரு பொறி போதும்.

பரிசல்துறை | ஞாயிறு, காலை 8.15

நான் பவானிசாகர்ப் பக்கம். இப்படி ஒரு தொல்லை எங்களுக்கு வந்ததே இல்லை. அணையில் தண்ணீர் 105 அடிக்கு ஏறட்டும், ஐம்பதுக்கு இறங்கட்டும், பரிசல் தண்ணீரோடு நகர்ந்துகொண்டே இருக்கும். வேலை முடிந்ததும் தலைமேல் தூக்கிவந்து கரையில் கவிழ்த்துப் போடுவோம். மழை முதுகில் பெய்துவிட்டுப் போகும்.

கிண்டலாகச் சொல்லவில்லை. படகைக் கவிழ்க்க முடியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சாய்க்கலாமே. முன்பக்கம் எப்போதும் ஒரு முழமாவது உயர்ந்து நின்றால் மழை விழுந்தவுடன் பின்பக்கத் துளைக்கு ஓடிவிடும், தேங்காது. நீங்கள் மட்டமாக நிறுத்துகிறீர்களா?

பாறைக்குழிக்காரன் | ஞாயிறு, காலை 10.35

தண்ணீர் வெளியேறிவிட்டது. எல்லோருக்கும் நன்றி.

இரண்டு ஹோஸ் போட்டோம். ஒன்று பத்து நிமிடத்தில் இலை அடைத்து நின்றுவிட்டது. மறுபடி நிரப்பி, முனையில் வெங்காயச் சாக்கின் வலையைச் சுற்றிக் கட்டியபின் ஒழுங்காக ஓடியது. மொத்தம் முக்கால் மணி நேரம். படகு எழும்ப எழும்பக் கயிறுகள் 'டிக் டிக்' என்று ஒலித்தன. கேட்க நன்றாக இல்லை.

தண்ணீர் ஒரு சாணுக்கு வந்ததும், நீளக் கழியில் கட்டுக்கம்பியைக் கட்டி வெளியிலிருந்து வடிகால் துளையைக் குத்தினேன். குத்திய இடத்திலிருந்து சிவப்பாகச் சேறு ஒழுகியது. படகுக்குள் செம்மண் எப்படி வந்தது என்று புரியவில்லை. தண்ணீர் முழுக்க வடிந்து, படகைப் பக்கத்துப் பாறையோடு கயிறு போட்டுக் கட்டிய பிறகு கிட்டப் போய் விரலை விட்டுப் பார்த்தேன். துளைக்குள் குளவிக் கூடு! வெளிப்பாதி கரைந்துவிட்டது, உட்பாதி இன்னும் கெட்டியாக இருந்தது. உடைத்தால் அறைக்குள் சின்னச் சின்னச் சிலந்திகள், ஏழோ எட்டோ, உயிர் இருப்பதுபோல் பளபளப்பாக, அசையாமல் அடுக்கி வைத்திருந்தது. கூட்டுக்கு உட்பக்கம் மீன் தீனி. சிந்தின உருண்டைகள் தண்ணீரில் ஊதி, வேப்பிலையோடு சேர்ந்து கூழாகிப் பசை மாதிரி அடைத்திருந்தன. குளவி கட்டிய சுவரைத் தீனி பூசி முடித்திருக்கிறது.

கூண்டு காலியாக இருந்ததால் பதினைந்து நாள் படகை எடுக்கவில்லை. அடைப்பானைக் கழற்றிவிட்டோம் என்ற தைரியத்தில் துளையைக் கிட்டப் போய்ப் பார்க்கவும் இல்லை.

பரிசல்துறை அண்ணா, ஆம், மட்டம் வைத்துப் பார்த்து நேராகத்தான் நிறுத்துவேன். பார்க்க அழகாக இருக்கும் என்று.

நொய்யல்கரை | ஞாயிறு, காலை 10.50

புரட்டாசியில் பொன்னுருகக் காய்ந்து மண்ணுருகப் பெய்யும் என்பார்கள். காய்ந்தபோது குளவி கட்டியது, பெய்தபோது நீங்கள் பார்த்தீர்கள்.

கூட்டை உடைத்தபோது கொட்டவில்லையே?

பாறைக்குழிக்காரன் | ஞாயிறு, காலை 10.54

இல்லை அக்கா, ஆள் வீட்டில் இல்லை.

மழைமானி | ஞாயிறு, காலை 11.20

கோபியிலிருந்து எழுதுகிறேன். ஓய்வுபெற்ற வாத்தியார், தினமும் காலை 8.30 மணிக்கு மழை அளந்து குறித்துவைப்பது என் பழக்கம். இந்த உரையாடலைப் படித்ததிலிருந்து ஒரு விஷயம் உறுத்துகிறது.

ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர். 5 சதுர மீட்டர் படகில் 1,300 லிட்டர் சேர வேண்டுமானால் 260 மி.மீ. பெய்திருக்க வேண்டும். காங்கேயத்தில் ஒரே இரவில் 26 செ.மீ. மழையா? பெய்திருந்தால் இந்நேரம் செய்தியில் வந்திருக்கும், பாறைக்குழியே வழிந்திருக்கும். தம்பி, மழையின்போது நேர்ச்சுவர் உள்ள பாத்திரம் ஏதாவது வெட்டவெளியில் கிடந்ததா? வாளி வேண்டாம், வாளியின் வாய் அகலம், அளவு பொய் சொல்லும்.

பாறைக்குழிக்காரன் | ஞாயிறு, நண்பகல் 12.05

சாளைக்கு (தோட்டத்து வீட்டுக்கு) முன்னால் மேல்மூடி வெட்டிய 15 கிலோ எண்ணெய் டின் ஒன்று கிடந்தது ஐயா. மரத்தடி இல்லை, வெட்டவெளிதான். அளந்தேன்: சரியாக 7 செ.மீ.

மழைமானி | ஞாயிறு, நண்பகல் 12.12

அப்படியானால் வானத்திலிருந்து நேராகப் படகில் விழுந்தது 350 லிட்டர்தான். மீதி 950 லிட்டர் எங்கிருந்து வந்தது? ஒரு இரவில் சேர்ந்ததா, பதினைந்து நாளாகச் சேர்ந்ததா?

பாறைக்குழிக்காரன் | ஞாயிறு, நண்பகல் 12.20

ஒரு இரவுதான். சனிக்கிழமை மாலை மேலே இருந்தே எட்டிப் பார்த்தேன், காய்ந்து கிடந்தது. இதற்கு முன் இந்த மாதம் இங்கே தூறல்கூட இல்லை. பி.ஏ.பி. (பரம்பிக்குளம்-ஆழியாறு) வாய்க்காலில் முறைத் தண்ணீர் எப்போது வரும் என்று மடையைப் பார்த்து உட்கார்ந்திருக்கிற ஊர் ஐயா இது. மழை அதிகமாகி ஒரு தொல்லை வரும் என்று நாங்கள் யோசித்ததே இல்லை.

பட்டறைவாசி | ஞாயிறு, பிற்பகல் 1.30

லிஃப்டுக்குப் பக்கத்தில் கூரை ஏதாவது இருக்கிறதா? தீனி மூட்டை வைக்க, வின்ச் நனையாமல் இருக்க?

பாறைக்குழிக்காரன் | ஞாயிறு, பிற்பகல் 2.10

அடடா.

விளிம்பில் தீனிக் கொட்டகை இருக்கிறது. தகரக்கூரை. குழிப் பக்கம் சாய்ந்த தகரம் 5 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம். கூரைத் தண்ணீரைப் பிடிக்கும் வாட்டர் சட்டம் வாங்கி வைத்தும் இன்னும் மாட்டவில்லை. தகரத்தின் நுனி படகின் பின்பாதிக்கு நேர் மேலே வருகிறது. வெயில் படாமல் இருக்கட்டும் என்று நான்தான் நுனியை நீட்டச் சொன்னேன்.

மழைமானி | ஞாயிறு, பிற்பகல் 2.18

15 சதுர மீட்டர், 70 மி.மீ.; பெருக்கினால் 1,050 லிட்டர். தெறித்தது நூறு போக மீதி 950. கணக்கு நேராகிவிட்டது. பகல் தூக்கத்துக்குப் போகிறேன்.

ஈரோட்டான் | ஞாயிறு, பிற்பகல் 2.25

வாத்தியாருக்கு வணக்கம். காலையில் இறக்கச் சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

ஆனாலும் கேட்கிறேன்: படகின் அடியில் சேரும் தண்ணீரை வெளியேற்றும் பில்ஜ் பம்பு ஒன்று வைத்திருந்தால் இவ்வளவு பாடு உண்டா? 12 வோல்ட், மிதவை சுவிட்ச், தண்ணீர் ஏறினால் தானே ஓடும். பெரிய விலையும் இல்லை.

ஏரிக்கரை | ஞாயிறு, மாலை 4.40

வைக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் நான் பார்த்ததைச் சொல்கிறேன். அடைமழை மூன்று நாள் பெய்தால் பம்பு முதல் இரவு முழுக்க ஓடும். இரண்டாம் நாள் வெயில் இல்லை, சூரியத் தகடு சார்ஜ் ஏற்றாது. மின்சாரமும் அப்போதுதான் போகும். மூன்றாம் இரவு பேட்டரி செத்திருக்கும், மழை சாகாது. இன்னொன்று, இவர் படகில் தீனிக் கூழ் இருக்கிறது. பம்பின் வாயில் அது போனால் மிதவை சுவிட்ச் மேலேயே ஒட்டிக்கொண்டு, காலிப் படகில் மோட்டார் ஓடி எரியும்.

லிஃப்டில் நிற்கிற படகுக்கு முதல் வழி துளை. பம்பு அதற்குத் துணை. தண்ணீரில் மிதக்கிற படகுக்குத்தான் பம்பு முதல், ஏனென்றால் அங்கே துளையைத் திறக்க முடியாது.

துளையைத் திறந்து வைப்பதிலும் ஒரு கண்டம் இருக்கிறது. எங்கள் துறையில் ஒருவர் காலையில் அவசரமாக இறக்கி நான்கு பேரை ஏற்றிவிட்டார். நடு ஏரிக்குப் போகும்போது எல்லோர் செருப்பும் மிதக்கிறது. அடைப்பான் கரையில் ஆணியில் தொங்குகிறது! அன்றிலிருந்து அடைப்பானை லிஃப்ட் சுவிட்ச் பெட்டியின் சாவியோடு சேர்த்துக் கட்டிவிட்டோம். சாவி எடுக்காமல் படகு இறங்காது. சாவியை எடுத்தால் அடைப்பானும் கையில் வரும். நீங்களும் சட்டைப்பையில் வைக்காதீர்கள்.

பரிசல்துறை | ஞாயிறு, மாலை 5.15

குளவிக்கு ஒரு வழி. மெல்லிய நைலான் கயிற்றைத் துளை வழியாக விட்டு, இரண்டு பக்கமும் ஒரு முழம் தொங்கும்படி முடிச்சுப் போடுங்கள். கயிறு காற்றில் ஆடிக்கொண்டிருந்தால் குளவி கட்டாது. வாரம் ஒருமுறை முன்னும் பின்னும் இழுத்துவிட்டால் சேர்ந்த குப்பையும் வந்துவிடும். துளைக்கு வலை மட்டும் அடிக்காதீர்கள். குளவியைத் தடுக்கும், ஆனால் இரண்டே இலையில் வலையே அடைப்பாகிவிடும்.

கொடுமுடிக்காரர் | ஞாயிறு, இரவு 7.30

தார்ப்பாய் போட்டு மூடினால் முடிந்துபோகிற காரியத்துக்கு இவ்வளவு பேச்சா?

ஏரிக்கரை | ஞாயிறு, இரவு 7.48

மூடலாம். நடுவில் முகடு வேண்டும். மூங்கிலை நீளவாக்கில் கட்டி அதன்மேல் கூடாரம்போல் போட்டால் மழை வழிந்தோடும். தட்டையாக இழுத்துக் கட்டினால் முதல் மழையிலேயே தொட்டிலாகத் தொய்யும். தொட்டிலில் நிற்கிற தண்ணீர் படகுக்குள் நிற்கிற தண்ணீரைவிட மோசம்: உயரத்தில் இருக்கிறது, துளையும் கிடையாது. கிழிந்தால் அத்தனையும் ஒரே மூச்சில் உள்ளே விழும்.

நொய்யல்கரை | ஞாயிறு, இரவு 8.05

நான் கொசு ஒழிப்புப் பிரிவில் இருக்கிறேன், அதனால் தார்ப்பாய் மடிப்பைப் பற்றி ஒரு வார்த்தை. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடைக்குப் போகாது. இப்படித் தெளிவாக நிற்கிற மழைத் தண்ணீர்தான் அதற்கு வேண்டும். முட்டை கொசுவாக ஏறக்குறைய ஒரு வாரம் போதும். தேங்காய்ச் சிரட்டை, டயர் என்று தேடிப் போகிறோம். 14 அடிப் படகு கிடைத்தால் விடுமா? வடிந்த பிறகும் பலகைக்கு அடியில், இன்ஜின் மேடையின் மூலையில் ஒரு டம்ளர் அளவு நிற்கும். துணியால் ஒற்றி எடுங்கள்.

பட்டறைவாசி | திங்கள், காலை 6.30

இரவு யோசித்துக்கொண்டே படுத்தேன். தண்ணீர் போய்விட்டது, இனிமேல் லிஃப்ட் சரிதானே என்று நாளைக் காலையில் சுவிட்சைத் தட்டிவிடுவீர்கள். ஒன்றரை மடங்கு பாரத்தை இரவெல்லாம் சுமந்த லிஃப்ட் அது. கையால் இழுத்துத் தூக்கும் சங்கிலிக் கப்பி, அதாவது செயின் பிளாக் ஒன்றைக் கொண்டுவந்து படகை அதில் மாற்றித் தாங்கவைத்துவிட்டு, கயிற்றைத் தளர்த்திப் பாருங்கள்.

பழைய துணியைக் கயிற்றில் சுற்றி மெதுவாக இழுங்கள். உடைந்த இழை இருந்தால் துணியைப் பிடிக்கும். வெறுங்கையால் தடவ வேண்டாம். கப்பியைக் கையால் சுற்றுங்கள். ஓரிடத்தில் இறுகினால் அதன் அச்சு ஊசி வளைந்திருக்கிறது. கயிற்று முனையை மடக்கிப் பிடிக்கும் யு கிளாம்புகளைப் பாருங்கள், ஒரு முனைக்குக் குறைந்தது மூன்று வேண்டும். வளைந்த கம்பி சும்மா கிடக்கும் முனையின்மேல் வர வேண்டும், தட்டையான சேணம் பாரம் தாங்கும் பக்கம். மாற்றிப் போட்டால் கம்பி பாரக் கயிற்றை நசுக்கிவிடும். பத்தில் நான்கு இடத்தில் மாற்றித்தான் போட்டிருப்பார்கள். என் பட்டறையில் பையன்களிடம் இதைச் சொல்லிச் சொல்லியே என் தொண்டை போய்விட்டது. முனகின தூணில் வெல்டிங்கைச் சுற்றிப் பெயிண்ட் மயிரிழையாக வெடித்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். பெயிண்ட் சும்மா வெடிக்காது.

பாறைக்குழிக்காரன் | திங்கள், மாலை 6.10

கயிற்றில் பழுதில்லை. பின்பக்க வலது கப்பியின் ஊசி வளைந்திருக்கிறது. முனகல் அங்கிருந்துதான். அதே பட்டையின் வெல்டிங்கில் இரண்டு அங்குலத்துக்குப் பெயிண்ட் வெடித்திருக்கிறது. கிளாம்பு எட்டில் மூன்று தலைகீழ். கயிற்று முனைக்கு இரண்டுதான் போட்டிருக்கிறார்கள். கட்டிக்கொடுத்தவரிடம் கேட்டால் "ஒரு டன்னுக்குத்தானே கேட்டீர்கள்" என்கிறார். அவரைச் சொல்லியும் குற்றமில்லை, கிளாம்பைத் தவிர.

இன்ஜின் வெளியே தொங்குவதால் முழுகவில்லை. பேட்டரியைக் கழற்றிவிட்டேன். டாங்கியில் தண்ணீர் போயிருக்குமா என்று கண்ணாடிப் பாட்டிலில் கொஞ்சம் பெட்ரோலை ஊற்றி வைத்தேன். அரை மணியில் அடியில் ஒரு விரல் கடை அளவு தனியாகப் பிரிந்து நின்றது. அந்தத் தண்ணீரை மட்டும் இறுத்துவிட்டு மேலே உள்ளதைப் போடலாமா?

ஏரிக்கரை | திங்கள், மாலை 6.30

வேண்டாம். இப்போது வருகிற பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது. அது தண்ணீரை உறிஞ்சும். அளவு மீறியதும் தண்ணீரோடு சேர்ந்து அடியில் இறங்கிவிடும். நீங்கள் பார்த்தது வெறும் தண்ணீர் இல்லை, எத்தனாலும் சேர்ந்தது. மேலே மிச்சமிருப்பது பழைய பெட்ரோலும் இல்லை. பத்து லிட்டருக்குப் பார்த்துக் கார்புரேட்டரைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

பட்டறைவாசி | திங்கள், இரவு 8.00

பட்டையை மாற்றுங்கள், மேலே வெல்டிங் பூச வேண்டாம். ஒன்று கேட்கிறேன், படகு இப்போது எத்தனை கிலோ? ஃபைபர் படகின் தரைக்கும் அடிப்பாகத்துக்கும் நடுவே நுரை அடைத்திருப்பார்கள். தரையில் விரிசல் இருந்தால் அந்த நுரை தண்ணீரைக் குடித்திருக்கும். துளை வழியாக வடியாது. பார்க்கவும் தெரியாது.

பாறைக்குழிக்காரன் | புதன், காலை 9.15

கொப்பரைக் களத்திலிருந்து தொங்கு தராசு வாங்கிவந்தேன். காங்கேயத்தில் இதற்கா பஞ்சம்? இன்ஜினைக் கழற்றி, செயின் பிளாக்கில் தராசை மாட்டி, படகைத் தாங்கும் நான்கு வாரையும் ஒரே கொக்கியில் சேர்த்துத் தூக்கினோம். 248 கிலோ. முதலில் 200 என்றவர்கள் உண்மை சொன்னார்கள் என்றால் 48 கிலோ தண்ணீர் உள்ளே இருக்கிறது.

நடுப்பலகையின் அடியில், தீனி மூட்டை வைக்கிற இடத்தில், தரையில் விரிசல் இருக்கிறது. கட்டைவிரலால் அழுத்தினால் கசிகிறது.

பட்டறைவாசி | புதன், காலை 9.40

விரிசலை இப்போதே அடைக்காதீர்கள். அடைத்தால் உள்ளே இருப்பது உள்ளேயே இருந்துவிடும். பின்மூலையில் தரையில் கைநுழையும் மூடித் துளை ஒன்று வெட்டி, நிழலில் காற்றோட்டமாக முன்பக்கம் தூக்கி வையுங்கள். வாரம் ஒருமுறை எடை போட்டுக் குறியுங்கள். எடை குறைவது நிற்கும்வரை படகுக்கு வேலை இல்லை. நுரை மெதுவாகத்தான் விடும். தை வரை ஆகலாம்.

பாறைக்குழிக்காரன் | புதன், காலை 9.52

தை வரையா! கூண்டில் மறுபடி மீன் விட்டால் தினம் இரண்டு வேளை தீனி போட வேண்டும் அண்ணா.

பரிசல்துறை | புதன், காலை 10.05

வந்து ஒரு பரிசலை எடுத்துப் போங்கள் தம்பி. என்னிடம் ஃபைபர் பரிசல் ஒன்று சும்மா கிடக்கிறது. பிக்கப் வண்டியில் கவிழ்த்துப் போட்டால் போய்விடும். உங்கள் படியில் ஒரு ஆள் தலைமேல் வைத்து இறக்கிவிடலாம். தீனி மூட்டையை நடுவில் வையுங்கள், ஓரத்தில் வைத்தால் தண்ணீர் குடிப்பீர்கள். லைஃப் ஜாக்கெட் இல்லாமல் ஏற வேண்டாம்.

பாறைக்குழிக்காரன் | ஞாயிறு, மாலை 5.45

ஒரு வாரக் கணக்கு: படகு இன்று 239 கிலோ. கொட்டகையின் தகரத்துக்கு வாட்டர் சட்டம் மாட்டித் தண்ணீரைப் பீப்பாய்க்குத் திருப்பிவிட்டேன். பட்டையும் ஊசியும் புதிது. கிளாம்பு பன்னிரண்டு, எல்லாம் நேராக. அடைப்பான் சாவியோடு தொங்குகிறது. படகு திரும்ப ஏறும்போது முன்பக்கம் ஒரு முழம் உயர்ந்து நிற்க, முன்கயிறு இரண்டையும் இப்போதே குறைத்துக் கட்டிவிட்டோம்.

வெள்ளிக்கிழமை பவானிசாகர் போய்ப் பரிசல் வாங்கிவந்தேன். அண்ணன் வாடகை வாங்க மறுத்துவிட்டார். மதியச் சோறும் போட்டு அனுப்பினார். நேற்றுக் காலை முதல் தடவை ஏறினேன். கூண்டு இருபது அடி தூரத்தில்தான். துடுப்பை எந்தப் பக்கம் போட்டாலும் பரிசல் சுற்றுகிறதே தவிர நகரவில்லை. படியில் நின்று என் மகள் எண்ணியிருக்கிறாள், பதினொரு சுற்று. துடுப்பை முன்னால் வைத்துத் தன் பக்கமாக இழுக்க வேண்டும் என்று அண்ணன் போனில் சொன்ன பிறகுதான் கூண்டுக்குப் போய்ச் சேர்ந்தேன்.

இன்றும் மழை இருட்டுகிறது. பரிசலைக் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.